சிங்காரத்தின் காலடிச் சூடு

நெடுங்குழியில் பனி விழுந்த வருஷங்களை யாரும் எண்ணி வைத்துக்கொள்வதில்லை, அங்கேதான் வருஷா வருஷம் விழுகிறதே. ஆனால் அந்த ஒரு வருஷத்தை மட்டும் இன்றைக்கும் ‘சிங்காரம் நின்ன வருஷம்’ என்றுதான் சொல்வார்கள், அந்தக் குளிர்காலம் முழுக்க சிங்காரம் ஊரிலேயே இல்லை என்பதைப் பற்றி யாருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது.

மலை உச்சியில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், அதன் அடியில் ஒரே கூரையின் கீழ் பதினோரு வீடு கொண்ட ஒரு லயம், எதிரே பதினோரு குடும்பமும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்த ஒரு கேரட் தோட்டம், அவ்வளவுதான் ஊர். சுற்றியிருக்கும் மலைகளின் குளிரெல்லாம் சரிந்து இறங்கி வந்து அந்தப் பள்ளத்தில்தான் தங்கும். அந்த மார்கழியில் என்ன நடந்தது தெரியுமா? குடத்துத் தண்ணீரைக் கல்லால் உடைத்துத்தான் மொண்டார்கள். கொடியில் போட்ட சேலை பலகை மாதிரி விறைத்து நின்றது, அதை மடிக்கப்போன ஐந்தாம் வீட்டு ஜெபமலர் முந்தானையை ஒடித்துவிட்டாள். மாட்டின் மூக்கில் வெள்ளை மீசை முளைத்தது. ஊர்க்குழாய் வெடித்து, வெடித்த தண்ணீர் வெடித்தபடியே நின்றது. உதடு பிளந்து போனதால் சிரிப்பு வருகிற பேச்சை யாரும் யாரிடமும் பேசவில்லை.

இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்: பனி பயிரைக் கொல்லாது. பனி மேல் விழுகிற முதல் வெயில்தான் கொல்லும். ஆகவே கிழக்கு மேட்டில் வெளிச்சம் தட்டுவதற்குள் டீசல் இன்ஜினை ஓட்டி, ஓஸ் பிடித்து, கேரட் இலை மேல் உறைந்திருக்கிற பனியைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும். கழுவிவிட்டால் பயிர் பிழைக்கும். விட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் அடுப்பில் வாட்டிய மாதிரி கருகிப் போகும். இதற்கு முறை வைத்திருந்தார்கள், ஒரு நாளைக்கு ஒரு வீடு. தினமும் விடியும் முன்னே இன்ஜின் சத்தம் லயத்துக்குள் வரும், வந்ததும் மீதிப் பத்து வீடும், ‘சரி, ஆள் போயாச்சு’ என்று கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

மார்கழி பதினெட்டாம் தேதி ஏழாம் வீட்டு முறை. ஏழாம் வீடு சிங்காரத்துடையது, தவமணி அவன் பெண்டாட்டி, கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. சிங்காரம் எழுந்தான், தலையில் துண்டைக் கட்டினான், தவமணி கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் படுங்க.”

“இன்னைக்கு நம்ம முறை புள்ள.”

“வெயில் வர நேரமிருக்கு. நீங்க எந்திரிச்சா எனக்குக் குளிருது.”

அவன் சிரித்துக்கொண்டு திரும்பப் படுத்தான், அவள் தன் இரண்டு பாதங்களையும் அவன் பாதங்களுக்கு நடுவே செருகிக்கொண்டாள், அந்தச் சூட்டில் இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள். அவ்வளவுதான் குற்றம்.

முழிப்பு வந்தபோது கதவு இடுக்கில் மஞ்சள் வெயில். சிங்காரம் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். தோட்டத்து வரப்பில் போய் நின்றான், அவன் கண் முன்னாலேயே பச்சை கறுப்பானது, பாத்தி பாத்தியாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு. ஒருத்தர் ஒருத்தராக வந்து அவன் பின்னால் நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை அவன் இருந்திருப்பான். ரொம்ப நேரம் நின்றுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், வந்த வழியே வராமல், அப்படியே வரப்பிலிருந்து இறங்கி மலைப் பாதையில் போனான். தவமணி கூப்பிட்டாள். ‘நான்தான் பிடிச்சு வச்சேன்’ என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பதினோரு வீட்டு ஆளும் நிற்கிறார்களே என்று வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை மாட்டுக்குப் புல் தேடிப்போன குருநாதன் மேஸ்திரி திரும்பி வந்து, “சிங்காரம் நின்ன இடத்துல பனி உக்காரல” என்றார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிறவர், சொல்லைக் காசு மாதிரி எண்ணிச் செலவழிப்பவர், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தார்கள். சுற்றிலும் வெள்ளை, நடுவில் இரண்டு வெறும்பாதத் தடம், ஈர மண்ணாக, கறுப்பாக, லேசாக ஆவி விட்டுக்கொண்டு. இடதுகாலின் சுண்டுவிரல் தனியே விலகியிருந்தது, சிங்காரத்துடையதேதான். ஐந்தாம் வீட்டு ராயப்பன் குனிந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, “அட, வெதுவெதுன்னு இருக்கே” என்றான், பிறகு தன் காலை வைத்தான், பிறகு மத்தியானம் வரை இறங்கவில்லை.

இப்படி ஒன்று நடந்தால் மற்ற ஊர்களில் கோயில் கட்டியிருப்பார்கள். நெடுங்குழிக்காரர்களுக்குக் குளிர் தாங்க முடியவில்லை, அதனால் வரிசை கட்டினார்கள். நாலு கம்பு நட்டு, பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குப் பனி படாமல் போர்த்துகிற அதே காட்டுத்தழையை மேலே வேய்ந்து, சாக்கைத் தொங்கவிட்டு ஒரு குடில் போட்டார்கள். ஆளுக்குக் கால் மணி நேரம், முட்டி வலிக்காரர்களுக்கு அரை மணி. ஆள் இல்லாத நேரத்தில் பெண்கள் இட்லி மாவுச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள், மாவு புளிக்காத அந்த ஊரில் முதல் முறையாக மாவு பொங்கி வழிந்தது. பால் தோய்ந்து தயிரானது. நாலாம் வீட்டுக் கோழி யாரையும் கேட்காமல் வந்து அடைகாத்தது. எஸ்டேட் கம்பவுண்டர் வெப்பமானியை மண்ணில் குத்திப் பார்த்தார், தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. காய்ச்சல் இல்லாத மனுஷனின் சூடு. அவர் அதை எங்கேயும் எழுதவில்லை, கையுறையைக் கழற்றிவிட்டுக் குளிர் காய்ந்துவிட்டுப் போனார்.

தவமணி முதலில் சண்டை பிடித்தாள். “என் புருஷன் கால்மேல மாவுச்சட்டி வைக்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?” என்று சட்டியைத் தூக்கி வெளியே வைத்தாள். ஆனால் எல்லாரும் எஸ்டேட்டுக்குக் கொழுந்து பறிக்கப் போன ஒரு மத்தியானத்தில் தனியாக வந்து, அந்தத் தடத்துக்குள் தன் காலை வைத்துப் பார்த்தாள். அவள் பாதம் அதற்குள் தாராளமாக அடங்கியது, சுற்றிலும் ஒரு விரற்கடை மிச்சம். அவன் அங்கே நிற்பதாகவே இருந்தது. அவளுக்கு அவன் வேண்டியிருந்தான், வேறு எப்படிச் சொல்வது. அவன் குரல், அவன் பீடி வாசனை, குளிரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பாடும் பாதிப் பாட்டு, எல்லாம் வேண்டியிருந்தது. கீழே உட்கார்ந்து கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்துக்கொண்டாள். எழுந்தபோது கன்னமெல்லாம் மண்; துடைக்காமலேயே வேலைக்குப் போனாள்.

“அவன் மனசு இங்கேயே நின்னுபோச்சு. உடம்புதான் எங்கேயோ சுத்துது” என்றார் மேஸ்திரி. “வெட்கம் அவனை நகரவிடல.”

இது சரிதான் என்று ராயப்பனால் நிரூபணமானது. ராயப்பன் இளகின மனசுக்காரன், ஒருநாள் தன் முறைக்குக் குடிலில் நின்றபடி கண்ணை மூடிச் சுகமாக, “பாவம்டா சிங்காரம். போனது போச்சு. யாருக்குத்தான் தூக்கம் வராது” என்று சொல்லிவிட்டான். சொன்ன மாத்திரத்தில் காலடி சில்லென்று ஆனது. அன்றைக்கு மாவு புளிக்கவில்லை, கோழி முட்டையை விட்டுவிட்டு எழுந்துபோனது, முட்டி வலிக்காரர்கள் ராயப்பன் வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். பயந்துபோன ராயப்பன் ஓடிவந்து தடத்தின் முன் நின்று, “தூங்குமூஞ்சிப் பயலே! பதினோரு வீட்டுச் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடா!” என்று கத்தினான். மெள்ள மெள்ளச் சூடு திரும்பி வந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. திட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். வரிசையில் வருகிறவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு, “வெளங்காதவனே” என்பார், காலை வைப்பார். அடுத்தவர், “சோம்பேறி, உன்னை நம்பினதுக்கு ஒரு எருமையை நம்பியிருக்கலாம்” என்பார், காலை வைப்பார். கோபம் உண்மையில் பத்து நாளிலேயே தீர்ந்துவிட்டது, குளிர்தான் தீரவில்லை. கோபம் தீர்ந்த பிறகு திட்டுவதற்கு வித்தை வேண்டுமே, ஆகவே புதுப்புது வசவுகள் கட்டினார்கள், பிள்ளைகள் அவற்றை ராகம் போட்டுப் பாடினார்கள், நல்ல வசவு சொன்னவருக்கு ஐந்து நிமிஷம் கூடுதலாகக் கிடைத்தது. ‘மன்னிச்சுட்டோம்’ என்ற வார்த்தையை மட்டும் நெடுங்குழியில் யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. தவமணி ஒருத்திதான் திட்டாதவள். திட்டாதவர்கள் ஏறக்கூடாது என்பதால் அவள் வரிசையிலும் நிற்கவில்லை, ஏழாம் வீட்டில் காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு கிடந்தாள், எல்லாரும் அவள் புருஷனைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். அவன் பெயராவது காதில் விழுகிறதே என்றும் இருந்தது.

தை பிறந்து பத்தாம் நாள் ராயப்பன் பெண்டாட்டி ஜெபமலருக்கு ஏழரை மாசத்திலேயே வலி எடுத்தது. பாதை முழுக்க உறைந்துபோய் நாலு நாளாய் பஸ் மேலே ஏறவில்லை. காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, முழங்கை நீளம்கூட இல்லை, அழக்கூடத் தெரியவில்லை. கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, “சூடு ஒண்ணுதான் வைத்தியம். ஒரு மாசம் சூடு குறையாம வச்சிருந்தா பிழைச்சுக்கும்” என்றார். யாரும் யாரையும் கேட்கவில்லை. கோழி போனது, மாவுச்சட்டி போனது, முட்டி வலிக்காரர்கள் தாங்களாகவே இறங்கினார்கள்; கொழுந்துக் கூடையில் பழஞ்சேலையை விரித்து, குழந்தையை வைத்து, கூடையை அந்த இரண்டு காலடிகளின் மேல் வைத்தார்கள். குழந்தை ஒரு கொட்டாவி விட்டது. ஜெபமலர் கூடையோரமே கிடந்தாள், அங்கேயே பால் கொடுத்தாள். சூடு குறையாமல் இருக்க யாராவது திட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கும் முறை வைத்தார்கள், வீட்டுக்கு இரண்டு மணி நேரம். ராயப்பன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டினான், கண்ணில் நீர் வழிய வழிய, “நாசமாப் போனவனே, நீ நல்லாவே இருக்க மாட்டடா!” என்று.

பஸ் ஏற ஆரம்பித்த அன்றைக்கே பக்கத்துப் பண்ணை முட்டைக்கோஸ் ஏற்ற சாகுல் பாய் லாரியோடு வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு நேரே தவமணியிடம் வந்தார்.

“தங்கச்சி, உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மேட்டுப்பாளையத்துல மண்டி வாசல்ல உக்காந்திருக்காரு. மூட்டை தூக்கப் போனவருதான், இப்ப முடியல.”

“ஏன், என்ன ஆச்சு?”

“கால்தான். கீழ அந்த வெயில்ல ரெண்டு காலுக்கும் சாக்கைச் சுத்தி வச்சிருக்காரு. தொட்டுப் பார்த்தேன், ஐஸ் கட்டிம்மா. மலைய விட்டு இறங்கின நாள்லருந்து இப்படித்தானாம், இந்த ஒரு வாரமா நகரவே முடியலையாம். விரல் நுனி கறுக்க ஆரம்பிச்சிருச்சு. வண்டில ஏறுங்க, போலாம்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.”

தவமணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இங்கே இருக்கிற சூடு அங்கேயிருந்து வருகிறது. ஊர் குளிர் காய்ந்ததும், மாவு புளித்ததும், கோழி அடைகாத்ததும், எல்லாம் அவன் காலிலிருந்து. இப்போதே லாரியில் ஏறலாம், நாலு மணி நேரத்தில் அவன் முன்னால் நிற்கலாம், ‘தப்பு என்னோடது, எந்திரிங்க’ என்று சொல்லலாம். சொன்னால் அவன் கால் அவனுக்குக் கிடைத்துவிடும். இங்கே கூடை சில்லிட்டுப் போகும். அவள் லாரியின் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். குடிலிலிருந்து குழந்தை முனகுகிற சத்தம் வந்தது, முதல் முறையாகச் சத்தம், எலிக்குஞ்சு மாதிரி. தவமணி காலைக் கீழே இறக்கினாள்.

வீட்டுக்குள் போய்க் கம்பளியை மடித்து எடுத்து வந்து பாயிடம் கொடுத்தாள்.

“இதைக் கால்ல போத்திக்கச் சொல்லுங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொல்லுங்க.”

“எதுக்காகன்னு கேட்டா?”

“கேட்க மாட்டாரு.”

யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ராயப்பனுக்குத் திட்ட வாய் வராது, வாய் வராவிட்டால் குழந்தை போய்விடும். மறுநாள் ஏழாம் வீட்டு முறை. அதுவரை போலவே எல்லாரும் அவளுக்குப் பதில் தாங்கள் நிற்பதாகச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை, சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள், கூடையின் முன் உட்கார்ந்தாள். கூடைச் சேலையின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். கூடைக்குள் கையை விட்டாள், ஓரத்தில் சூடு குறைகிற மாதிரி இருந்தது. “சோம்பேறி” என்றாள் மெதுவாக. பிறகு கொஞ்சம் சத்தமாக, “தூங்குமூஞ்சி. உங்களாலதான் எல்லாம் கருகிப் போச்சு. உங்களாலதான்.” பொய் சொல்லச் சொல்லச் சூடு ஏறியது. இரண்டு மணி நேரம் அவள் தன் குற்றத்தையெல்லாம் எடுத்து எடுத்து அவன் தலையில் போட்டாள். பதினோரு வீட்டிலும் யார் திட்டியும் வராத சூடு அன்றைக்கு வந்தது, குழந்தையின் காதுமடல் சிவந்தது. வெளியே வந்து குடத்துப் பனித்தண்ணீரால் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். தன் முறை போக மற்ற வீட்டு முறைகளையும் முடிந்த மட்டும் தானே திட்டுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் திட்டுவதைவிடத் தான் திட்டினால் நாள் சீக்கிரம் ஓடும், குழந்தை சீக்கிரம் தேறும், அவன் சீக்கிரம் எழுந்துவிடுவான் என்பது அவள் கணக்கு. அடி அசடே, அவன் கால் இன்னும் சில்லிடுமே என்று கேட்டால், அதுவும் அவளுக்குத் தெரியும். கட்டாந்தரையில் போர்வை இல்லாமல் படுத்து, தன் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ‘இன்னைக்கு எந்த விரல், இன்னைக்கு எந்த விரல்’ என்று ஏங்கிக் கிடந்தாள்.

மாசி பிறந்தது. ஒன்பது நாளாகப் புல்லில் வெள்ளை இல்லை. குழந்தை வீறிட்டு அழுதது, கூடையின் விளிம்பை உதைத்தது. கம்பவுண்டர் தூக்கிப் பார்த்து, “இனி தாய்ச்சூடு போதும்” என்றார். அன்று காலை, ஒரு செவ்வாய்க்கிழமை, தவமணி குடிலின் சாக்கைப் பிடுங்கி எறிந்தாள், குழந்தையைத் தூக்கி ஜெபமலர் மடியில் கொடுத்தாள், பதினோரு வீட்டையும் பேர் சொல்லி வெளியே கூப்பிட்டாள்.

மேஸ்திரிக்கு ஏதோ புரிந்துவிட்டது. “தவமணி, அவசரப்படாத. மாசிப் பனி திரும்பி வந்தாலும் வரும். எங்க முட்டியெல்லாம்...”

“மேஸ்திரிண்ணே, உங்க முட்டிக்கு என் புருஷன் கால் போகணுமா?” என்றாள். பாய் சொன்னதையெல்லாம் சொன்னாள். பிறகு காலடிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அன்னைக்கு அவரு எந்திரிச்சாரு. நான்தான் சட்டையைப் பிடிச்சு இழுத்துப் படுக்க வச்சேன். எனக்குக் குளிருச்சு. தப்பு அவரோடது இல்ல. இத்தனை நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்பச் சொல்றேன், கேட்டுக்கங்க.”

காலடியிலிருந்து ஆவி வந்துகொண்டுதான் இருந்தது. ஒருத்தி சொன்னதில் அது ஆறவில்லை.

அப்போது ராயப்பன் முன்னால் வந்தான். “எனக்கு அன்னைக்கு முழிப்பு வந்துச்சு” என்றான். “இன்ஜின் சத்தம் கேக்கலையேன்னு நினைச்சேன். போய்க் கதவைத் தட்டலாம்னு நினைச்சேன். குளிருக்குப் பயந்து கம்பளிய இழுத்துக்கிட்டேன்.”

“எனக்கும் கேக்கலன்னு தெரிஞ்சுது” என்றாள் நாலாம் வீட்டுக்காரி. ஒன்பதாம் வீட்டுக்காரர் ஒன்றுக்குப் போக எழுந்தவர், இன்ஜின் ஓடாததைப் பார்த்துவிட்டு, நம் முறை இல்லையே என்று திரும்பப் படுத்ததைச் சொன்னார். ஜெபமலர் சொன்னாள். ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல ஆவி மெலிந்தது. கடைசியில் மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, “வெளிச்சம் வந்ததைக் கதவு இடுக்குல பார்த்தவன் நான். பார்த்துக்கிட்டே படுத்திருந்தேன்” என்றார். அந்த இரண்டு தடமும் சாதாரண மண்ணானது, ஜெபமலர் தொட்டுப் பார்த்து, “ஆறிப் போச்சு” என்றாள்.

அன்றைக்கும் அடுத்த நாளும் நெடுங்குழியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பாரம் இறங்கின மனுஷன் எந்தப் பக்கம் நடப்பான்? அவனை மலையடிவாரத்திலேயே கட்டிப் போட்டிருந்தது அந்த வெட்கம் ஒன்றுதான். அதை அவிழ்த்துவிட்டாயிற்று, இனி அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இந்தக் குளிரையும் இந்த ஊரையும் மறந்தேகூடப் போகலாம். தவமணி பாதை தெரிகிற கல்லில் போய் உட்கார்ந்தாள். ஆறட்டும், போகட்டும், கால் நல்லாயிருந்தால் போதும் என்று நூறு தடவை சொல்லிக்கொண்டாள், நூறு தடவையும் அது பொய்.

வியாழக்கிழமை மத்தியானம் சாகுல் பாயின் லாரி ஏறி வந்தது. முன்னால் பாய் மட்டும்தான் இருந்தார். தவமணி எழுந்து நின்றாள்.

“செவ்வாக்கிழமை காலையில கால்ல சூடு வந்துருச்சாம்மா” என்றார் பாய், இறங்குவதற்கு முன்பே. “இடதுகால் சுண்டுவிரல் மட்டும் போச்சு. மத்தபடி நல்லாயிருக்காரு. வழியில பார்த்தேன், நடந்து வந்துக்கிட்டிருக்காரு. ஏறுங்கன்னா ஏறல. தரை காலுக்குத் தெரியுது பாய், நடந்தே வர்றேங்குறாரு.”

தவமணி பாதை வளைந்து மறைகிற இடத்தை எட்டிப் பார்த்தாள்.

“இன்னொண்ணு கேட்டாரு, எனக்குத்தான் விளங்கல. ‘மலையேறி வந்துடணும்னுதான் எனக்கும் இருந்துச்சு. ஆனா ஒரு மாசமா கால்மேல பச்சைப் புள்ள ஒண்ணு தூங்குற மாதிரியே கனம் இருந்துச்சு. அசைஞ்சா முழிச்சுக்குமேன்னு அப்படியே உக்காந்திருந்தேன். இப்ப யாரோ தூக்கிட்டாங்க. புள்ள நல்லாயிருக்கா? ஆணா பொண்ணா?’ன்னாரு. நான் என்னத்தைக் கண்டேன், தெரியாதேன்னுட்டேன்.”

“எந்த வளைவுல விட்டுட்டு வந்தீங்க?”

“பத்தாவது வளைவு தாண்டி.”

“நீங்க சொல்லாததே நல்லதாப் போச்சு பாய்” என்றாள் தவமணி. “பொண்ணுன்னு நான் போய்ச் சொல்லிக்கிறேன்.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி நடந்தாள்.